வயற்பிராணிகளைக் கால் எண்ணி இனமறிதல்

வயலில் ஊரும் சிறு பிராணி எதுவாயினும் அதனைப் "பூச்சி" அல்லது "புழு" என்று அழைத்து, கடையில் கிடைக்கும் பூச்சிமருந்தைத் தெளிப்பது குடியானவர் பலருடைய வழக்கமாயிருக்கிறது. இதனால் பணம் வீணாவதோடு, நன்மை செய்யும் பிராணிகளும் மடிகின்றன. ஆகையால் மருந்து வாங்குமுன் இனமறிதல் அவசியம்.

பிராணிகளை முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பில்லாதவை என இரண்டாகப் பிரிப்பர். உலகிலுள்ள பிராணி வகைகளில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை முதுகெலும்பில்லாதவையே. அவற்றுள் மிராசுதார்கள் முக்கியமாய் அறியத்தக்க கூட்டங்கள் நான்கு:

1. கணுக்காலிகள்.- இவற்றின் கால்கள் கணுக்கணுவாய் இருக்கும். வளர்ந்த பூச்சிக்குக் கால்கள் 6, சிலந்திக்கும் செம்பேனுக்கும் 8, நண்டுக்கு 10. பூரானுக்கு உடற்கணு ஒன்றுக்கு ஒரு ஜோடி. மரவட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு ஜோடி. கம்பளிப்புழு உண்மையில் புழுவன்று, அந்துப்பூச்சியின் இளம்பருவமேயாம்.

2. மெல்லுடலிகள்.- நத்தைகள் இதில் அடங்கும். 1847ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இராட்சத நத்தை இன்று பல ஜில்லாக்களில் தோட்டப்பயிரை அழிக்கிறது. மாலையில் ஈரச்சாக்கை விரித்து, அதன்கீழ் ஒதுங்குபவற்றைக் காலையில் பொறுக்கி அழித்தல் நலம்.

3. வளையப்புழுக்கள்.- மண்புழு இவ்வினம். இது உழவனுக்கு நண்பன்.

4. உருளைப்புழுக்கள்.- வேர்முடிச்சு நூற்புழு இவ்வினம், கண்ணுக்குத் தெரியாது. தக்காளி, கத்தரிச் செடிகள் வாடினால் வேரைப் பார்க்கவேண்டும். உளுந்து வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சுகள் விரலால் தேய்த்தால் உதிரும்; நூற்புழுவின் முடிச்சில் வேரே தடித்திருப்பதால் உதிராது. இதற்கு இலையில் மருந்து தெளிப்பதால் பெரும்பாலும் பயனில்லை. பயிர்மாற்றம் செய்து, இடையே செண்டுமல்லி பயிரிடலாம்.

இனமறியாமையால் வரும் கேட்டுக்குக் கத்தரிச் செம்பேனே தக்க உதாரணம். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெண்புள்ளிகளும் காணின், பூதக்கண்ணாடியால் கால்களை எண்ணுக. எட்டாயின் அது பூச்சியன்று. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், செம்பேனைத் தின்னும் பொறிவண்டு முதலியவை மடிய, செம்பேன் முன்னிலும் பெருகும். நனையும் கந்தகம் ஏற்றது. கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. 1998ல் எர்ணாகுளம் ஜில்லாவில் காணப்பட்டு, பின் தென்னாடெங்கும் பரவிய தென்னை ஈரியோபைட் சிலந்திக்கு 4 கால்களே உள்ளன.

கிராம அலுவலர்களும் பயிர்ச்சேதத்தைக் குறிக்கையில் "பூச்சி" என்று மட்டும் எழுதாது, இன்ன இனமென்று குறிப்பிடுவார்களாயின் தக்க பரிகாரம் விரைவிற் கிட்டும். ஐயமுண்டாயின், பாதிக்கப்பட்ட செடியை வேரோடு எடுத்து, விவசாய இலாகா ஊழியரிடம் காட்டி ஆலோசனை பெறுவார்களாக.