வெட்டாத வாள்!

ஜப்பான் நாட்டில் ஒரு வாள் உண்டு. அது வெட்டாது. ஓங்கி அடித்தால் "படார்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான்!

அது மூங்கிலால் செய்த வாள். பெயர், "ஷினாய்." (கல்யாண வீட்டில் ஊதுகிற ஷெனாய் வேறு, இது வேறு!)

எலும்பு முறிந்தது

முற்காலத்தில் ஜப்பான் வீரர்கள் மர வாளால் பயிற்சி செய்தார்கள். அது நல்ல வைரம் பாய்ந்த மரம். கையில் பட்டால் எலும்பு முறியும். தலையில் பட்டால் உயிரே போகும். ஆகவே, ஓங்கிய வாளைப் பாதியில் நிறுத்த வேண்டும்.

பாதியில் நிறுத்திய அடி பட்டிருக்குமா, பட்டிருக்காதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

16-ம் நூற்றாண்டில் இதற்கு வழி பிறந்தது. அந்த வழியைக் கண்டவர் கமியிசுமி நொபுத்சுனா என்ற வாள் வித்தை ஆசிரியர் என்று சொல்கிறார்கள்.

மூங்கிலும் தோல் பையும்

அவருடைய வாளுக்கு இரண்டே பொருள்தான் வேண்டும். ஒன்று, சுமார் 3 அடி மூங்கில். மற்றொன்று, தோல்.

கைப்பிடிப் பகுதியை மட்டும் பிளக்காமல் விட்டு, மற்றதை நீளவாக்கில் பிளக்க வேண்டும். முதலில் 4 பிளவு. நுனியை நோக்கிப் போகப்போக 8, பிறகு 16. பிளந்த மூங்கிலை, நீளமாகத் தைத்த ஒரு தோல் பைக்குள் நுழைத்து, இறுக்கிக் கட்ட வேண்டும். வாள் தயார்!

அடித்தால் உள்ளே இருக்கும் கீற்றுகள் வளைந்து கொடுக்கும். அடியின் வேகம் அதிலேயே பாதி போய்விடும். பையின் மேல் அரக்கு போன்ற ஒரு பூச்சைப் பூசுவார்கள். அது காய்ந்ததும் தோல் சுருங்கி, சொரசொரப்பாக இருக்கும். அதைப் பார்த்தவர்கள் "தேரைத் தோல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

1563-ம் ஆண்டில், யாக்யூ முனெயோஷி என்ற வீரர் கமியிசுமியின் சீடரோடு மோதித் தோற்றார் என்று ஒரு கதை உண்டு. தோற்றவர் கோபித்துக்கொள்ளவில்லை. கமியிசுமியிடமே சீடராகச் சேர்ந்தார். யாக்யூ பரம்பரையினர் இன்றும் தோல் பை வாளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

4 பிளாச்சு வாள்

18-ம் நூற்றாண்டில் முகமூடியும் மார்புக் கவசமும் வந்தன. கவசம் வந்ததும் பை தேவைப்படவில்லை. 4 மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்து, நுனியில் தோல் குல்லா, அடியில் தோல் உறை போட்டு, இரண்டையும் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கயிறு இருக்கும் பக்கம் வாளின் முதுகு. எதிர்ப்பக்கம்தான் "வெட்டும்" பக்கம்! "கெண்டோ" விளையாட்டில் இன்றும் இதுதான் வாள்.

1945-ல் ஜப்பான் போரில் தோற்றது. பள்ளிகளில் கெண்டோ தடை செய்யப்பட்டது. 1950-ல் அதை வேறு பெயரில், வெறும் விளையாட்டாகத் தொடங்கினார்கள். அப்போது பழைய உறை போட்ட வாள் மறுபடியும் வந்தது. சில ஆண்டுகளில் கெண்டோவும் திரும்பி வந்தது.

கண் பத்திரம்!

இந்த வாளிலும் ஓர் ஆபத்து உண்டு. அது சிலாம்பு. மூங்கில் தெறித்தால், முகமூடியின் கம்பிகளுக்கு நடுவே புகுந்து கண்ணைக் குத்திவிடும். எனவே, பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவரும் வாளைத் தடவிப் பார்க்கிறார்கள். சிலாம்பு இருந்தால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசுகிறார்கள். விரிசல் கண்ட பிளாச்சை அப்புறம் தொடுவதில்லை.

ஆனால், ஒரு பிளாச்சு போய்விட்டது என்று வாளையே தூக்கி எறிவதும் இல்லை. உடைந்த வாள் இரண்டு சேர்ந்தால் பிரித்துப் போட்டு, நல்ல பிளாச்சுகளைப் பொறுக்கி எடுத்து, வீட்டிலேயே ஒரு வாளாகக் கட்டிவிடுகிறார்கள்!