அரவைக்கு ஓராண்டு முன்பே போட வேண்டிய கணக்கு

அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் கரும்பு வண்டிகளின் வரிசை நீண்டால் விவசாயிக்கு நஷ்டம். வரிசையே இல்லாவிட்டால் ஆலைக்கு நஷ்டம். வரத்தும் தேவையும் நாள்தோறும் ஒத்துப்போக வேண்டிய தொழில் இது. ஆனால், அந்தக் கணக்கை அரவையின்போது போட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

மாதம் ஒரு கூட்டம்

உற்பத்தி நிறுவனங்களில் ‘சேல்ஸ் அண்ட் ஆபரேஷன்ஸ் பிளானிங்’ என்று ஒரு நடைமுறை உண்டு. 1980-களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. எவ்வளவு விற்கும் என்பதை விற்பனைப் பிரிவு சொல்லும். எவ்வளவு செய்ய முடியும் என்பதை உற்பத்திப் பிரிவு சொல்லும். அதற்குப் பணம் உண்டா என்பதை நிதிப் பிரிவு பார்க்கும். மாதம் ஒருமுறை மூவரும் கூடி, முரண்பாடுகளைத் தீர்த்து, வரும் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு ஒரே திட்டத்தை ஒப்புக்கொள்வார்கள். ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

சர்க்கரை ஆலைக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. 1842-இல் ஆலை எழுந்த நெல்லிக்குப்பத்துக்கும், கூட்டுறவு ஆலை இயங்கும் சேத்தியாத்தோப்புக்கும் இதில் வேறுபாடு இல்லை. கரும்பு விளைய 10 முதல் 12 மாதம் ஆகும். இன்று குறைகிறது என்று நாளை விளைவிக்க முடியாது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்காவிட்டால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். எடைக்கு விலை பெறும் விவசாயியும், சர்க்கரையை நம்பும் ஆலையும் சேர்ந்தே இழக்கிறார்கள்.

நடவிலேயே தொடங்கும் திட்டம்

நாளுக்கு 2,500 டன் அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால், தினமும் சுமார் 62 ஏக்கர் வெட்டியாக வேண்டும். 150 நாள் அரவைக்கு 9,000 ஏக்கருக்கு மேல் வேண்டும். அத்தனையும் ஒரே மாதத்தில் முற்றினால் பயனில்லை. அடுத்தடுத்து முற்ற வேண்டும்.

அதற்குத்தான் பட்டங்கள். டிசம்பர்–ஜனவரி நடவு முன்பட்டம், பிப்ரவரி–மார்ச் நடுப்பட்டம், ஏப்ரல்–மே பின்பட்டம். மறுதாம்புக் கரும்பு நடவுக் கரும்பைவிடச் சற்று முன்னதாகவே முற்றும். ரகத்துக்கும் பங்குண்டு. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோசி 671 குறுகிய காலத்தில் முற்றும், சர்க்கரைச் சத்து மிகுந்த ரகம். பின்னர் செவ்வழுகல் நோய்க்குப் பலியானது. ஒரே ரகத்தை நம்பினால் ஒரு நோய் மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

விவசாயி ஆலையில் பதிவு செய்யும்போது நடவுத் தேதியும் ரகமும் பதிவாகின்றன. அந்த வரிசைப்படி வெட்டு உத்தரவு கொடுப்பதே நியாயமான முறை. வடகிழக்குப் பருவமழை நீடித்தால் வயலுக்குள் வண்டி இறங்காது. வெட்டு ஆட்கள் கிடைக்காவிட்டால் உத்தரவு இருந்தும் கரும்பு வயலிலேயே நிற்கும். ஆகவே மழைக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் ஈடுகொடுக்கும் மாற்றுத் திட்டமும் அதே மேசையில் தயாராக வேண்டும்.

விற்பனை ஆலையின் கையில் இல்லை

சர்க்கரையைச் செய்து முடித்ததும் விற்றுவிட முடியாது. ஒவ்வோர் ஆலையும் உள்நாட்டில் மாதம் எவ்வளவு விற்கலாம் என்பதை 2018 ஜூன் முதல் மத்திய அரசே நிர்ணயிக்கிறது. கரும்புச் சாறு எத்தனாலுக்குப் போவதும் அரசு முடிவைப் பொறுத்தது. 2023 டிசம்பரில், பருவத்தின் நடுவே, சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்கக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த பருவத்துக்கு அது நீக்கப்பட்டது.

பணக்கணக்கு இன்னும் கடினம். நம் எடுத்துக்காட்டு ஆலையில் 9 சதவீதம் சர்க்கரைக் கட்டுமானம் என்றால் தினமும் 225 டன் சர்க்கரை வரும். 150 நாளில் உண்டானதை 365 நாளுக்குப் பரப்பி விற்றால், நாளுக்கு 92 டன்தான் நகரும். ஆனால் 2025–26 பருவத்தில் 9.5 சதவீதத்துக்குக் குறைந்த கட்டுமானத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை டன்னுக்கு ரூ.3,290.50. அதன்படி ஒருநாள் கரும்புக்கு மட்டும் சுமார் ரூ.82 லட்சம் தர வேண்டும். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதை 14 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. செலவு ஐந்து மாதத்தில், வரவு பன்னிரண்டு மாதத்தில். இந்த இடைவெளிக்கு வங்கிக் கடனை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத ஆலையில்தான் நிலுவை சேர்கிறது.

விவசாயிக்கும் நாற்காலி வேண்டும்

ஆகவே கரும்புப் பிரிவு, ஆலைப் பொறியாளர், விற்பனை, நிதி ஆகிய நால்வரும் பார்க்கும் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் விவசாயிகளின் பிரதிநிதியும் இருந்தால்தான் வயலின் உண்மை நிலை மேசைக்கு வரும். வெட்டு வரிசையை ஊர்வாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் சந்தேகமும் சிபாரிசும் குறையும்.

விவசாயிகளும் கரணை ஊன்றும் முன்பே ஆலையின் கரும்பு அலுவலரிடம் பட்டத்தையும் ரகத்தையும் பேசி முடிவுசெய்வது நல்லது. நட்டதும் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். பதிவுச் சீட்டில் நடவுத் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு உத்தரவு தாமதமானால் கேள்வி கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தேதிதான்.