பம்ப் ஓகே... ஸ்டீயரிங் பாக்ஸ்? டூவீல் டிரைவ் பிக்கப்பில் ஃபோர்வீல் டிரைவ் பார்ட்ஸ் போடலாமா?

காலை ஆறு மணி. கீழ்க்கட்டளையில் மேடவாக்கம் மெயின் ரோடும் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடும் சந்திக்கும் இடம். தண்ணீர் கேன், டைல்ஸ், காய்கறி, கல்யாண சாமான் என்று பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றில் பல, கடனில் வாங்கிய வண்டிகள். ஒருநாள் ஓடவில்லை என்றால் அந்த மாதத் தவணையிலேயே துண்டு விழும்.

அப்படி ஒரு வண்டியில் யூ-டர்ன் அடிக்கும்போது ஸ்டீயரிங் இறுகுகிறது. இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்ச் சொட்டு. மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டது என்கிறார். புதுசு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புதுப்பேட்டையில் தேடினால் அதே கம்பெனி, அதே மாடல் பாக்ஸ் கிடைக்கிறது. ஒரே ஒரு சிக்கல்தான்: அது ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் கழற்றியது. வாங்கலாமா?

மஹிந்திரா பொலேரோ கேம்பர், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஸெனான், இசுஸு டி-மேக்ஸ் என நம் ஊரில் ஓடும் பல பிக்கப்களில் இரண்டு வகையும் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

இன்ஜினில் இருப்பது வேறு, சேஸியில் இருப்பது வேறு

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை இரண்டு பாதியாகப் பார்த்தால் குழப்பம் தீரும். முதல் பாதி இன்ஜினோடு ஒட்டியது: பம்ப், அதைச் சுற்றும் பெல்ட், புல்லி, ஆயில் டப்பா. இரண்டாவது பாதி சேஸியோடு ஒட்டியது: ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு.

இன்ஜின் ஒன்றே என்றால் பம்ப் பெரும்பாலும் ஒத்துப்போகும். முன் சக்கரம் இழுக்கிறதா இல்லையா என்பது பம்புக்குத் தெரியாது. அதன் வேலை எண்ணெயை அழுத்தித் தள்ளுவது மட்டும்தான். ஆனால் சும்மா இல்லை அந்த அழுத்தம்! கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். பவர் ஸ்டீயரிங் லைனில் 80, 100 பார் என்று போகும். ஆகவே பம்ப் வாங்கும்போது கூட புல்லியின் விட்டம், பெல்ட்டின் பள்ளங்கள், ஹோஸ் மாட்டும் வாயின் மரை ஆகியவற்றைப் பழைய பம்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மரை சரியாக உட்காராத ஹோஸை டேப் சுற்றி இறுக்குவது, சூடான எண்ணெயை இன்ஜின் மேல் பீய்ச்சி அடிக்க நாமே வழி செய்வது போல.

சேஸியில் இருப்பதுதான் வில்லங்கம்.

ஃபோர்வீல் டிரைவ் வண்டியின் முன்பக்கம் டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதனால் வண்டி உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம் என எதுவும் மாறியிருக்கலாம். டொயோட்டா ஹைலக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1979-ல் வந்த முதல் ஃபோர்வீல் டிரைவ் ஹைலக்ஸில் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸிலும் இருந்தன. டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடி டிராக் லிங்க்கைத் தள்ளும். 1986 மாடலில் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் அந்த ஆக்ஸிலே போய், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்தது. அந்தப் புது பாக்ஸைப் பழைய வண்டியில் மாட்ட இன்றும் பலர் ஆசைப்படுகிறார்கள். போல்ட் போட்டால் நிற்காது. சேஸியில் தகடு வைத்து பற்ற வைக்க வேண்டும், டிராப் ஆர்மையும் மாற்ற வேண்டும். ஃபோர்வீல் டிரைவுக்கும் ஃபோர்வீல் டிரைவுக்கும் இடையிலேயே இந்தப் பாடு!

போல்ட் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

போதாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மாட்டவே முடியாத பார்ட் பணத்தை மட்டும்தான் வீணாக்கும். மாட்ட முடிந்த தவறான பார்ட், லோடோடு போகும்போது வேலையைக் காட்டும்.

டிராப் ஆர்மின் நீளம் சற்று மாறினாலும் சக்கரம் திரும்பும் அளவு மாறும். கூடுதலாகத் திரும்பினால் டயர் சேஸியில் உரசும். குறைவாகத் திரும்பினால், சக்கரம் தன் ஸ்டாப்பரைத் தொடும் முன்பே பாக்ஸ் தன் கடைசி எல்லையை முட்டும். அந்த அடியெல்லாம் பாக்ஸுக்குள்ளேயே விழும். டிராக் லிங்க்கின் சாய்வு மாறினால் இன்னொரு தொல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங்கை ஆட்டாமலேயே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சில டிசைன்களில் பாக்ஸ் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். இதைக் கவனிக்காமல் மாற்றிப் போட்டால் இடது பக்கம் திருப்ப, வண்டி வலது பக்கம் போகும் கூத்தும் நடக்கும்.

சென்டர் பார்ப்பதும் முக்கியம். பால்கள் உருளும் பழைய பாணி பாக்ஸ்களில் நடுவில் மட்டும் பிடிப்பு சற்று இறுக்கமாக இருக்கும்; நேர் ரோட்டில் ஆட்டம் இல்லாமல் போவதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்திய பிறகுதான் டிராப் ஆர்மை மாட்ட வேண்டும். கண் மதிப்பில் மாட்டினால் நேர் ரோட்டில்தான் வண்டி அலைபாயும்.

வாங்கும் முன்...

பார்ட் நம்பர்தான் நீதிபதி. வண்டியின் சேஸி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் கேட்லாக் பார்த்துச் சொல்வார்கள். இரண்டு வகைக்கும் ஒரே நம்பர் என்றால் தயங்காமல் வாங்கலாம். நம்பர் வேறு என்றால், கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஃபோர்வீல் டிரைவின் சேஸியிலேயே முன் இழுவையை மட்டும் நீக்கி உயரமாக விற்கப்படும் டூவீல் டிரைவ்களும் இருக்கின்றன. டொயோட்டாவின் 'ப்ரீரன்னர்' அப்படிப்பட்டதுதான். இவற்றில் பார்ட்ஸ் பொருந்தும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒழுகும் பாக்ஸ் எல்லாமே செத்த பாக்ஸ் இல்லை. உள்ளே தண்டு தேயாமல் சீல் மட்டும் போயிருந்தால், சீல் கிட் போட்டு எழுப்பிவிடலாம். ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ராணே மெட்ராஸின் தொழிற்சாலை, கீழ்க்கட்டளையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேளச்சேரியில்தான் பல காலம் இயங்கி வந்தது. ஸ்டீயரிங் வேலை தெரிந்தவர்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. அதே ஸ்பெசிஃபிகேஷன் பார்ட்டை மாற்றுவது ரிப்பேர். சேஸியை வெட்டி ஒட்டி வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு கதை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் வரும். அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு.

மாட்டிய பிறகு

பழைய பம்ப் தேய்ந்து போயிருந்தால் அதன் இரும்புத் துகள் லைன் முழுக்க இருக்கும். கழுவாமல் புது பாக்ஸை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். டப்பா மூடியில் எந்த ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். தவறிக்கூட பிரேக் ஆயில் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பிறகு முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஆன் செய்யாமலேயே ஸ்டீயரிங்கை இரு முனைக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பி, ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும். அதன்பின் ஐடிலில் அதையே செய்யலாம். டப்பாவில் நுரை தெரிந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். முனையில் பிடித்தபடி ஐந்து விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. பம்ப் முனகும், ஆயில் கொதிக்கும்.

அலைன்மென்ட் பார்த்துவிட்டு முதல் ஓட்டத்தைக் காலி வண்டியில், கூட்டமில்லாத தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில் விட்டால் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்ப வேண்டும். ஒருவாரம் கழித்து டிராப் ஆர்ம் நட்டையும் பாக்ஸ் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபார்த்த பிறகு லோடு ஏற்றலாம்.