பந்து ஒன்று, எண்ணெய் மூன்று

டென்பின் பௌலிங்: ஏழு கிலோ பந்தின் போக்கைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத நாலைந்து டீஸ்பூன் எண்ணெய். சொந்தமாக முதல் பந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான்.

ஷாப்பிங் மாலில் பௌலிங் ஆடப் போகிறவர்களுக்குப் பந்து ஒரு பிரச்சினையே இல்லை. அலமாரியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். விரல் நுழைகிற பந்தாகப் பார்த்து எடுத்து உருட்ட வேண்டியது; பத்துக் கட்டைகளில் ஏழோ எட்டோ சாய்ந்தால் கைதட்ட வேண்டியது. ஆனால் ஒருவர் இந்த விளையாட்டைச் சற்றுத் தீவிரமாக எடுத்துக்கொண்டதும் அந்த அலமாரி போதாமல் போய்விடுகிறது. அவர் கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட சொந்தப் பந்து தேவைப்படுகிறது. எந்தப் பந்து என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கேள்வி எளிமையானதுபோலத் தோன்றலாம். பதில் எளிமையானதல்ல. காரணம், பௌலிங்கில் பந்து நேரடியாகத் தரையைத் தொடுவதில்லை. தரைமீது பூசப்பட்ட எண்ணெயைத்தான் முதலில் சந்திக்கிறது.

லேன் என்று அழைக்கப்படும் ஓடுபாதை, கோட்டிலிருந்து தலைக் கட்டை வரை 60 அடி நீளம், சுமார் மூன்றரை அடி அகலம். அகலவாக்கில் 39 பலகைகள். இப்போது பல இடங்களில் மரத்துக்குப் பதில் செயற்கைத் தளம் வந்துவிட்டாலும், பலகைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன; ஆட்டக்காரர்கள் குறிபார்ப்பதற்கு அவைதான் அளவுகோல். பந்து உராய்ந்து மரம் தேய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக ஒரு காலத்தில் கையால் பூசப்பட்டது எண்ணெய். இன்று அதைப் பூசுவது இயந்திரம். எந்தப் பலகையில் எவ்வளவு, எத்தனை அடி வரை என்பதெல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்படுகிறது. தரையைக் காப்பாற்ற வந்த எண்ணெய் ஆட்டத்தின் வினாத்தாளாகவே மாறிவிட்டது.

எண்ணெய் இருக்கும் வரை பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடியும் இடத்தில் தரையைப் பற்றி, வளைந்து திரும்பும். வலதுகை ஆட்டக்காரரின் பந்து வலது ஓரமாகச் சென்று, கடைசி 20 அடியில் இடப்பக்கம் திரும்பி, முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் நடுவே பாய வேண்டும். இந்த இடத்துக்கு ‘பாக்கெட்’ என்று பெயர். நேராக உருட்டும் பந்தும் பாக்கெட்டைத் தொடலாம். ஆனால் அது ஓரிரு டிகிரி கோணத்தில்தான் நுழையும். வளைந்து வரும் பந்து ஏறக்குறைய 6 டிகிரியில் நுழைந்தால் பத்துக் கட்டைகளும் சாயும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. கையைவிட்டுப் புறப்பட்ட பந்து கட்டைகளை அடைய ஆகும் நேரம் சுமார் இரண்டரை வினாடி. இந்தக் கூத்தெல்லாம் அதற்குள்தான் நடக்கிறது.

நடுத்தரம் என்றால் என்ன?

எண்ணெய்ப் பூச்சைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 35 அடிக்குள் முடிந்துவிட்டால் குறைந்த நீளம். 42 அடியைத் தாண்டினால் அதிக நீளம். இடைப்பட்டது நடுத்தரம். அளவிலும் இப்படித்தான்: நடுத்தரப் பூச்சில் ஒரு லேனுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 மில்லி லிட்டர். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் தன் பூச்சுகளுக்கு விலங்குகளின் பெயர் வைத்திருக்கிறது. சிறுத்தை குறைந்த நீளம், சுறா அதிக நீளம், நடுவில் இருப்பது பச்சோந்தி. நடுத்தரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். ஆட்டம் போகப் போக அதிகம் நிறம் மாறுவது அதுதான்.

நீளத்தைத் தெரிந்துகொண்டால் பந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கில் ஊகிக்கலாம். அடிக்கணக்கிலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும். எண்ணெய் 40 அடி என்றால் மீதி 9. எண்ணெயை விட்டு வெளியேறும்போது பந்து ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகையை ஒட்டி இருப்பது நல்லது. இது விதியல்ல, தொடக்கப் புள்ளி. ஆனாலும் முதல் பத்து எறிதல்களை வீணாக்காமல் காப்பாற்றுகிறது.

பொழுதுபோக்கு மையங்களின் வழக்கமான பூச்சு பெரும்பாலும் இந்த நடுத்தர வகைதான். ஆனால் அதில் ஒரு சலுகை உண்டு. நடுவில் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, ஓரங்களை உலர்வாக விட்டிருப்பார்கள். வலப்பக்கம் தவறிப்போன பந்தை உலர்ந்த ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இடப்பக்கம் தவறியதை நடு எண்ணெய் தாங்கிக்கொள்ளும். போட்டிப் பூச்சுகளில் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு. மன்னிப்பும் குறைவு. மாலில் சராசரியாக 200 எடுப்பவர் போட்டியில் 180-க்குத் திணறுவதன் ரகசியம் இதுதான்.

தோலும் விதையும்

பந்தை ஒரு பழம்போல நினைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது சுலபம். வெளியே தோல், உள்ளே விதை. பந்தின் குணத்தில் பெரும்பங்கு தோலுடையது.

1970-கள் வரை ரப்பரும், பிறகு பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கும் கோலோச்சின. 1980-களின் தொடக்கத்தில் யூரிதேன் வந்தது. தரையை அது நன்றாகப் பற்றியது. 1990-களின் தொடக்கத்தில் ரீயாக்டிவ் ரெசின் வந்தபோது ஆட்டமே மாறிப்போனது. நுண்ணிய துளைகள் கொண்ட இந்தத் தோல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெயில் வழுக்கி, உலர்ந்த தரையில் கூர்மையாகத் திரும்புகிறது. ரீயாக்டிவிலேயே மூன்று ரகம். சாலிட் சீக்கிரம் தரையைப் பற்றும். பேர்ல் நீண்ட தூரம் வழுக்கிச் சென்று சட்டென்று திரும்பும். இரண்டும் கலந்தது ஹைப்ரிட்.

உள்ளே இருக்கும் விதையின் எடை நடுவில் குவிந்திருந்தால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும். வெளிப்பக்கமாகப் பரவியிருந்தால் தாமதமாகும். இதைக் குறிக்கும் எண் ஆர்.ஜி. அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி அது 2.46-க்கும் 2.80-க்கும் இடையே இருக்க வேண்டும். டிஃபரன்ஷியல் என்ற இன்னோர் எண், ஓடும்போது பந்தின் சுழல் அச்சு எவ்வளவு நகரும் என்பதைச் சொல்கிறது. அச்சு நகர நகர ஒவ்வொரு சுற்றிலும் புதிய, எண்ணெய் படியாத தோல் தரையைத் தொடும். இதற்கு உச்சவரம்பு 0.060. சமச்சீரான விதை கொண்ட பந்து பம்பரம்போல நிதானமாகப் போகும். சமச்சீரற்றது முரட்டுத்தனமாகத் திரும்பும்.

பலசாலி தோற்கும் இடம்

முதல் பந்து வாங்குபவரின் கண் இயல்பாகவே மிகவும் வளையும் பந்தின்மீது விழுகிறது. விளம்பரங்களும் அதைத்தான் முன்னிறுத்துகின்றன. சமச்சீரற்ற விதை, கரடுமுரடான சாலிட் தோல், உச்சபட்ச டிஃபரன்ஷியல். எண்ணெய் வழியும் லேனுக்காக உருவாக்கப்பட்ட பந்து அது. அதையே நடுத்தர எண்ணெயில் உருட்டினால் பாதி வழியிலேயே தரையைப் பற்றித் திரும்பிவிடுகிறது. கட்டைகளை அடைவதற்குள் வேகம் தீர்ந்துபோகிறது. பாக்கெட்டில் சரியாக விழுந்தும் வலது ஓரத்துப் பத்தாம் கட்டை அசையாமல் நிற்கும். ஆட்டக்காரர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

மறுகோடியில் இருப்பவர் பளபளப்பான பேர்ல் பந்து வாங்கியவர். எண்ணெய் புதிதாக இருக்கும்போது அவருடைய பந்து திரும்ப மறந்து நேராகப் போய்விடும். லேன் உலர உலரத்தான் அதற்கு உயிர் வரும்.

இதற்கு விலையும் சாமானியமானதல்ல. ஒரு நல்ல ரீயாக்டிவ் பந்துக்கு அமெரிக்காவிலேயே 150 முதல் 250 டாலர் வரை ஆகிறது. ஏழு கிலோ எடையைக் கடல் கடந்து கொண்டுவரும் செலவும் சுங்க வரியும் தனி. துளையிட்டுவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அமெரிக்க ஆட்டக்காரர் ஆறு பந்துகளோடு வருவார். தவறான பந்து ஒன்று இருந்தால் பையில் கிடக்கும். இங்கே பலருக்கு இருப்பதே ஒன்றிரண்டு. ஒரு தவறு ஒரு முழு சீசனைத் தின்றுவிடும்.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் பரிந்துரைப்பது ‘பெஞ்ச்மார்க்’ பந்து எனப்படும் நடுத்தரப் பந்தை. சமச்சீரான விதை, சாலிட் அல்லது ஹைப்ரிட் தோல், 2.48 முதல் 2.55 வரை ஆர்.ஜி., 0.040 முதல் 0.050 வரை டிஃபரன்ஷியல், 2000 முதல் 3000 வரையிலான தேய்ப்பு. ஸ்டார்ம் நிறுவனத்தின் ஹை ரோட், ஃபேஸ் II போன்றவை இந்த ரகத்தில் பேர்போனவை. பிற நிறுவனங்களிடமும் இதற்கு இணையானவை உண்டு. இந்தப் பந்தின் சிறப்பு அதன் நேர்மை. சீக்கிரம் திரும்பினால் லேனில் எண்ணெய் குறைவு, திரும்பாமல் போனால் எண்ணெய் அதிகம் என்று உடனே தெரிந்துவிடும். முரட்டுப் பந்து இந்தத் தகவலை மறைத்துவிடும்.

கையும் ஒரு கணக்கு

எல்லோருக்கும் நடுத்தரம் ஒன்றல்ல. இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து, கட்டைவிரலைத் துளையில் நுழைக்காமல் எறியும் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட் போன்றவர்களின் பந்து அசுரத்தனமாகச் சுழல்கிறது. அத்தகைய கைக்கு நடுத்தர எண்ணெயிலும் மென்மையான பந்தே போதும். மாறாக, வேகமாக எறிந்து குறைவாகச் சுழற்றுபவருக்கு அதே லேனில் ஒரு படி வலுவான பந்து தேவை. எனவே கடைக்குப் போகுமுன் தன் எறிதலைச் செல்போனில் வீடியோ எடுத்து, வேகத்தையும் சுழற்சியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எடையிலும் வீரம் காட்டத் தேவையில்லை. விதிப்படி உச்ச எடை 16 பவுண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 15-ஐயும் 14-ஐயும் நாடுகிறார்கள். தொடர்ந்து ஆறு ஆட்டம் ஆடினாலும் தோள் தளராத எடையே சரியான எடை.

பந்து ஒத்துவரவில்லை என்று தோன்றினால் முதலில் மாற்ற வேண்டியது நிற்கும் இடத்தை. வலதுகைக்காரரின் பந்து பாக்கெட்டைத் தாண்டி இடப்பக்கம் போனால், அவரும் இரண்டு பலகை இடப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். அடுத்து மாற்ற வேண்டியது தோலை. உப்புத்தாள் போன்ற தேய்ப்பு வட்டுகள் 500, 1000, 2000, 4000 என்று வருகின்றன. எண் குறையக் குறையத் தோல் கரடாகி, பந்து சீக்கிரம் தரையைப் பற்றும். 2000-இல் தேய்த்த பந்தை 4000-க்கு மாற்றினால் இன்னும் சில அடி அதிகம் வழுக்கும். பந்தின் விலையில் சிறு பங்கே ஆகும் இந்த வட்டுகள், ஒரே பந்தை இரண்டு மூன்று பந்துகளாக்கிவிடுகின்றன. ஆனால் போட்டி ஆட்டம் தொடங்கிவிட்டால் தேய்க்க விதி அனுமதிக்காது. அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கணக்குகளைத் தேர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றவர். கர்நாடகத்தின் ஆகாஷ் அசோக்குமார், டெல்லியின் துருவ் சர்தா ஆகியோரும் தேசிய அளவில் பெயர் பெற்றவர்கள். தேசியப் போட்டிகளில் ஒரே நாளில் பல ஆட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. காலையில் நடுத்தரமாக இருந்த லேன், பந்துகள் எண்ணெயை உறிஞ்சியும் இழுத்தும் செல்வதால் மதியத்துக்குள் வேறு லேன் ஆகிவிடும். அப்போது கைகொடுப்பது லேனைப் படிக்கும் பழக்கம்தான்.

அந்தப் பழக்கத்துக்கு லேன் வேண்டுமே. போட்டித் தரத்தில் எண்ணெய் பூசிய லேன்கள் பெருநகரங்களில்தான் கிடைக்கின்றன. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேலைக்காக தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் கோலார் தங்கவயல்காரர்களில் ஒருவருக்கு இந்த ஆட்டத்தில் ஆர்வம் பிறந்தால், பயிற்சிக்கும் அதே நூறு கிலோமீட்டர் பயணம்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஆடக் கிடைப்பவருக்குக் குணம் மாறாத, புரிந்துகொள்ள எளிதான பந்து இன்னும் அவசியம்.

இந்தியக் கோடைக்கும் ஒரு பங்கு உண்டு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வைத்த பந்து விரிசல் விடலாம். எண்ணெயை உறிஞ்சும் தோலை ஒவ்வோர் எறிதலுக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதற்கான திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும். அலட்சியமாக விட்டால் ஒரு வருடத்திலேயே பந்து சுரணையற்றுப்போகும்.

ஆக, தொடங்குபவரின் பையில் இருக்க வேண்டியவை: நடுத்தரமான ரீயாக்டிவ் பந்து ஒன்று, மிச்சக் கட்டைகளை நேராக அடிக்க மலிவான பிளாஸ்டிக் பந்து ஒன்று, இரண்டு தேய்ப்பு வட்டுகள், ஒரு துணி. விளம்பரத்தில் மின்னும் அந்த முரட்டுப் பந்தை வாங்க அடுத்த சீசன் இருக்கிறது. அதற்குள் அது தேவையா என்பதும் தெரிந்துவிடும்.