பெப்பிசின் நாடக விரதம்

ஆண்டுக்கு இத்தனை நூல் படிப்பதென்று தமக்குத் தாமே இலக்கு வைப்போரும், திரைப்பட விழாக்களில் பார்த்தவற்றை எண்ணிக் குறித்து வைப்போரும் இன்று பலர். இலண்டன் கடற்படை அலுவலர் சாமுவேல் பெப்பிஸ் இவர்களுக்கு மூத்தவர்.

1660 ஜனவரி முதல் 1669 மே வரை அவர் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். எந்நாளில் எந்த நாடகம், நடிப்பு எத்தகையது என்பனவெல்லாம் அதில் உண்டு. நாடக மோகம் வேலையையும் பணத்தையும் விழுங்கவே, மதுவும் நாடகமும் கூடாதென விரதம் பூண்டார். மீறினால் ஏழையர் உண்டியலுக்குத் தண்டம். 1662 செப்டம்பர் 29இல் விரதக் கெடு முடிந்தது. அன்றே அரங்குக்கு ஓடினார். கண்டது ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு'. இத்துணைச் சாரமற்ற நாடகத்தைத் தாம் கண்டதேயில்லை என்று எழுதினார்! நடனமும் அழகிய மகளிரும் மட்டுமே அவருக்குப் பிடித்தன.

1664 ஆகஸ்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. நண்பர் கிரீடுக்குக் கடன் கொடுத்து, அப்பணத்தைக் கொண்டே தம்மையும் மனைவியையும் நாடகத்துக்கு அழைத்துச் செல்லச் செய்தார். பிறர் செலவில் பார்த்தால் விரதம் கெடாதாம்! ஆயினும் இது போலி வாதமே, இனிச் செய்வதில்லை என்று அதே ஏட்டில் எழுதி வைத்தார். வெறும் எண்ணிக்கைப் பட்டியலில் இது ஒரு நாடகமாக மட்டுமே நின்றிருக்கும்; சூழ்ச்சி தெரிந்திராது.

நூல்களிலும் அவருக்கு இதே கண்டிப்புத்தான். ஏறத்தாழ 3,000 நூல்களை உயர வரிசையில் எண்ணிட்டு அடுக்கினார். குட்டையானவற்றின் அடியில் மரக்கட்டை வைத்துச் சமமாக்கினார். கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில் அவை அவ்வரிசையிலேயே இன்றும் உள்ளன.