கல்லுக்கு ஒரு கம்பிச் சட்டை

அக்கா கல்யாணத்துக்கு நம்ம கையாலேயே ஒரு டாலர் செஞ்சு கொடுத்தா எப்படி இருக்கும்? அப்படி யோசிச்சுத்தான் மாட்டினேன் பாஸ்! காங்கேயத்தில் வாங்கின சந்திரகாந்தக் கல் ஒன்று, வெள்ளிக் கம்பி அரை மீட்டர். பாக்கெட் மணி காலி.

முதல் 15 செ.மீ. துண்டு பத்தே நிமிஷத்தில் 'பட்'! ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மடக்கினால் உலோகம் இறுகி முறியும். இதை மெட்டீரியல் சயின்ஸ் பரீட்சையில் பக்கம் பக்கமா எழுதினவன் நான்.

அதனால நீங்க முதல்ல செம்புக் கம்பியில் பழகுங்க. கை வந்தபிறகு 92.5 வெள்ளி, 0.8 மி.மீ. கனம். (சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, பிடி நிற்காது.) 15 செ.மீ. துண்டுகள் இரண்டை நடுவில் கூட்டல் குறி மாதிரி வைத்து ஒரு முறுக்கு. அதன்மேல் கல். நாலு முனைகளையும் உச்சியில் சேர்த்து, ஒன்றால் மற்ற மூன்றையும் இறுக்கிச் சுற்றுங்க. ஒன்றை ரீஃபிலில் வளைத்தால் செயின் கோர்க்க வளையம். வால் கழுத்தில் சுற்றணும். மிச்சம் கட்!

கல் ஆடுதா? முன்பக்கக் கம்பியை நோஸ் பிளேயரால் பிடித்து லேசா ஒரு திருகு. கம்பி நெளிந்து தானா இறுகும். பிளேயர் வாயில் டேப் ஒட்டிக்குங்க, வெள்ளியில் தழும்பு விழாது. கல்லை மட்டும் தட்டிடாதீங்க, சந்திரகாந்தம் சட்டுனு பிளந்துடும்.

என்கிட்ட மிச்சம் 35 செ.மீ. சரியா இன்னொரு முயற்சிக்குத்தான் காணும். நடுங்கிக்கிட்டே முடிச்சேன். பின்பக்க முறுக்கு கொஞ்சம் கோணல்தான். நல்லவேளை, அக்கா திருப்பிப் பார்க்கலை!