தொட்டியைத் தேய்த்தீர்களா?

சுகாதார ஆய்வாளராக ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது, "அக்கா, தண்ணி எதுல பிடிச்சு வைக்கிறீங்க?" என்றுதான். காய்ச்சல் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. ஏனென்றால், டெங்கு வைரஸையே கொல்லும் மருந்து இன்னும் மருத்துவர்களிடம் இல்லை. படுக்கையும் குளுக்கோஸும் ரத்தப் பரிசோதனையும் உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பவை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது சாக்கடையை அல்ல, நாம் பிடித்துவைத்த நல்ல தண்ணீரை. சிமென்ட் தொட்டி, மூடாத டிரம், முற்றத்து ஆட்டுக்கல், மாடியில் கிடக்கும் டயர். ஃபிரிட்ஜின் பின்னால் நீர் தேங்கும் தட்டைப் பலர் பார்த்ததே இல்லை. டார்ச் அடித்துக் காட்டுவேன். புழுக்கள் நெளிந்து கீழே இறங்கும். பிறகு நான் பேச வேண்டியதே இருக்காது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் பதிந்திருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். எனவே வாரம் ஒருமுறை நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

எல்லோரும் கேட்பது புகை மருந்து. அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டிப் புழுவை அல்ல. இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டரைத் தாண்டாது. உங்களைக் கடிப்பது பக்கத்து வீட்டில் பிறந்ததாக இருக்கலாம். தெரு முழுக்க ஒரே நாளில் தேய்க்கச் சொல்லி நான் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

தினமும் குழாயில் தண்ணீர் வராத தெருவில் சேமித்து வைப்பவர்களைத் திட்டுவது நியாயமில்லை. அங்கே முதலில் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும். அதுவரை டிரம்முக்கு மூடியாவது ஊராட்சி கொடுக்க வேண்டும்.